மாணவத் தொண்டர்களும் ஊர் அமைப்புகளும்: வேலை தொடங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி என்று தமிழ் புழங்கும் ஊர்கள் நிறைய. இங்கே மாலை டியூஷன் நடத்துகிறவர்கள், வாசகசாலைக்காரர்கள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவித் திட்டத்தின் அயல்கூட்டங்கள் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுக்கள்), வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் குழுக்கள் என்று பல பேரிடம் மாணவர்கள் வந்து வேலை செய்கிறார்கள். இதே மாவட்டத்துச் சித்தூரிலிருந்தும் வருகிறார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறார்கள். மாலை வகுப்பு ஒன்றுக்கு ஆள் சேர்த்துவிடும் வேலையைப் பார்ப்பதால் இரண்டு தரப்பின் கேள்விகளும் என் காதில் விழும். திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில்.

உதவி செய்ய வருகிறவர்களிடம் முதல் நாளே கறாராகப் பேசினால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

மாட்டார்கள். பேசாமல் விட்டால்தான் பின்னால் முகம் சுளிக்க வேண்டி வரும். மாணவர் மனசில் ஒரு கணக்கு இருக்கும்: வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம், பிள்ளைகளோடு கலகலப்பாக, கடைசியில் ஒரு சர்டிபிகேட். அமைப்பு வேறு கணக்குப் போட்டிருக்கும்: இந்தப் பெண் வந்தாச்சு, இனி மார்ச் பரீட்சை வரை பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்குக் கவலையில்லை. கல்லூரிக்கு இன்னொரு கணக்கு: பதிவேட்டில் மணி நேரம் நிரம்பணும், அறிக்கைக்கு நாலு நல்ல போட்டோ வேணும். மூன்றுமே நியாயம்தான். ஆனால் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. நவம்பரில் அந்தப் பெண் செமஸ்டர் பரீட்சைக்குப் போய்விட, "பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று இங்கே பேச்சு கிளம்பும். அவளோ தீபாவளி வரைக்கும்தான் என்று ஆரம்பத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருப்பாள்.

என்எஸ்எஸ் மாணவர்களிடமிருந்து எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கலாம்?

என்எஸ்எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கியது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. இதைக் கேட்டதும் சில அமைப்பாளர்கள் 120 மணி நேரமும் தங்களுக்கே வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். வராது. அறிமுக வகுப்பு, வளாகம் சுத்தம் செய்வது, ரத்ததான முகாம், விழிப்புணர்வு ஊர்வலம், இந்த தினம் அந்த தினம் எல்லாம் அந்த 120-க்குள்தான். அதனால் "எங்களுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவீங்க?" என்று கல்லூரியின் என்எஸ்எஸ் திட்ட அலுவலரிடம் நேராகக் கேளுங்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வீதம் பதினைந்து வாரம், ஆக முப்பது மணி நேரம். ஒரு மாணவரிடம் இவ்வளவு கிடைத்தால் நல்ல ஒதுக்கீடு என்பது என் கருத்து. அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

சர்டிபிகேட்டுக்காக மட்டும் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. கேரள மேல்நிலைப் பள்ளிகளில் என்எஸ்எஸ்ஸுக்கு கிரேஸ் மார்க் உண்டு. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இதுபோன்ற பணிகளைப் பகுதி ஐந்து என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். கல்வித்துறையே மதிப்பெண் கொடுக்கும்போது மாணவர் மட்டும் அதை நினைக்காமல் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? காரணம் எதுவாக இருந்தாலும், சொன்ன சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். சேவை மனப்பான்மை பொங்க வந்து மூன்றாம் வாரம் காணாமல் போனவர்களும் உண்டு, மார்க்குக்காக வந்து இரண்டு ஆண்டு நின்றவர்களும் உண்டு.

ஒப்பந்தம் மாதிரி எழுதி வாங்கணுமா? என்ன எழுதுவது?

முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். ஒரு பக்கத் தாள், இரண்டு நகல், மூன்று கையெழுத்து: மாணவர், அமைப்பில் ஒருவர், கல்லூரியில் ஒருவர். நாங்கள் பயன்படுத்துகிற தாளில் இருப்பது கிட்டத்தட்ட இப்படி:

"சனிக்கிழமை மாலை 4.30 முதல் 6.30 வரை. ஜூலை முதல் சனியிலிருந்து அக்டோபர் கடைசிச் சனி வரை, ஓண விடுமுறை நீங்கலாக. எட்டு, ஒன்பதாம் வகுப்பு, கணக்கு மட்டும். வர முடியாவிட்டால் வெள்ளி இரவு எட்டு மணிக்குள் போனில் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பணமோ ரீசார்ஜோ பரிசோ தனியாகக் கொடுக்க மாட்டேன். அமைப்பின் பொறுப்பு: நேரத்துக்கு அறை திறந்திருக்கும், பலகையும் சாக்பீஸும் இருக்கும், வகுப்பு முடியும் வரை எங்களில் ஒருவர் கூடவே இருப்போம். நாற்காலி தூக்க, மேடை கட்ட, நன்கொடை வசூலுக்கு மாணவரைக் கூப்பிட மாட்டோம்."

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அமைப்பாளர்கள் கொஞ்சம் நெளிவார்கள். இருந்தாலும் அது இருக்கட்டும். இளவட்டப் பிள்ளைகள் சும்மா நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு வேலை சொல்லத் தோன்றும். ஆண்டு விழா வந்துவிட்டால் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருப்பார். மாணவரே விரும்பிச் செய்தால் அது வேறு.

தாளில் "பிள்ளைகளின் முழு ஆளுமை வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்" போன்ற வரிகளை எழுதாதீர்கள். நடந்ததா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கணக்கைத் தடுமாறாமல் போடணும் என்று எழுதினால் நவம்பரில் பார்த்துவிடலாம்.

எந்த மாதங்களில் தொடங்குவது நல்லது?

எல்லையோரத்தில் இரண்டு நாட்காட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். கேரளப் பள்ளிகள் ஜூனில் திறக்கும். ஓணத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை, பிறகு விடுமுறை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பரீட்சை, மார்ச்சில் எஸ்எஸ்எல்சி. கோவைக் கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவத் (செமஸ்டர்) தேர்வு நவம்பர் வாக்கில் வந்துவிடும். ஆக, இங்கே பிள்ளைகளுக்கு உதவி ரொம்பத் தேவைப்படும் நவம்பர் மாதத்தில்தான் அங்கே மாணவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஜூலையில் தொடங்கி அக்டோபரில் ஒரு கட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மறுபடி தொடங்கலாம்.

பொங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காடு உட்பட எல்லையோர 6 மாவட்டங்களுக்குக் கேரள அரசு தைப்பொங்கல் அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஆனால் அது ஒரே நாள். தமிழ்நாட்டு மாணவர்கள் மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடித்துத்தான் வருவார்கள். ஹர்த்தால் (கடையடைப்பு) அறிவிப்பு வந்தால் அன்றைய வகுப்பு இல்லை, மாற்று நாளும் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். காலையில் கிளம்பி எல்லை ஊரான வேலந்தாவளம் வந்து பஸ் இல்லாமல் நிற்கும் கொடுமையை யாருக்கும் வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரல் வெயில் வேறு இந்தப் பக்கம் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் மதிய நேரத்தில் வீடுவீடாகப் போகிற வேலையை வைக்க வேண்டாம்.

பஸ் காசு யார் கொடுப்பது?

கேட்கக் கூச்சப்பட்டே பலர் நின்றுவிடுகிறார்கள், அதனால் அமைப்பே முதலில் பேச்சை எடுக்கட்டும். தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எல்லை தாண்டி கேரள பஸ்ஸில் ஏறினால் எடுத்தே ஆகணும். கேரள மாணவர் சலுகையும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே உள்ள வழிக்குத்தான். கண்டக்டரிடம் "சேவைக்குப் போறேன்" என்று வாதாடிப் பயனில்லை. கல்லூரி கொடுத்தால் நல்லது. இல்லையென்றால் அமைப்பு கொடுக்கட்டும். இரண்டு பேராலும் முடியாது என்றால், நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய மாணவர்களாகப் பார்த்துச் சேருங்கள். ஒரு டீயும் கடியும் (பலகாரமும்) கொடுத்தால் போதும், சாப்பாடு போடணும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நாங்கள் கோவை மாணவர்கள். தமிழ்வழிப் பிள்ளைகள்தானே, பாடம் நடத்துவதில் என்ன சிரமம்?

முதல் வாரம் நீங்கள் கொண்டுவரும் புத்தகமே தப்பாக இருக்கும். இங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துவது கேரளப் பாடத்திட்டத்தை. அதன் தமிழ்ப் புத்தகங்களைக் பாடநூல்களை உருவாக்கும் மாநில நிறுவனமான கேரள எஸ்சிஇஆர்டிதான் தயாரிக்கிறது. நீங்கள் படித்த சமச்சீர்ப் புத்தகத்தோடு அத்தியாய வரிசை ஒத்துப்போகாது, சில கலைச்சொற்களும் வேறாக இருக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்த சொல்லைப் பரீட்சையில் எழுதிவிட்டு வந்து பிள்ளை முழிக்கும். அதனால் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே அமைப்பிடம் இங்குள்ள புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள். புத்தகம் கொடுப்பது அமைப்பின் பொறுப்பு, படித்துவிட்டு வருவது உங்கள் பொறுப்பு. அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

மதிப்பெண் விஷயமும் அப்படித்தான். கேரள எஸ்எஸ்எல்சியில் கிரேடு முறை. "எத்தனை மார்க்?" என்று கேட்டால் "பி பிளஸ்" என்று பதில் வரும். மேலே படிக்க டி பிளஸ்ஸாவது வேண்டும். எந்தப் பிள்ளைக்கு டி பிளஸ் தாண்டுவதே இலக்கு, எந்தப் பிள்ளைக்கு ஏ பிளஸ் இலக்கு என்பதை வகுப்பாசிரியர் சொல்வார். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம், பிள்ளைகள் உங்களை டீச்சர், சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "அக்கான்னே கூப்பிடுங்க" என்று சொல்லிப் பார்த்தாலும் இரண்டு நாளில் டீச்சருக்கே திரும்பிவிடும். விட்டுவிடுங்கள்.

மலையாளம் தெரியாமல் வேலை செய்ய முடியுமா?

வகுப்பெடுக்க முடியும். பஞ்சாயத்து அலுவலகப் படிவம் நிரப்பித் தருகிற வேலைக்கு முடியாது. 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் கையில் கொடுக்கப்படும் படிவம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். சித்தூர் மாணவர் ஒருவர், கோவை மாணவர் ஒருவர் என்று ஜோடியாகப் போடுங்கள். ஒருவர் படிவத்தைப் பார்ப்பார், மற்றவர் மனுவை நல்ல தமிழில் எழுதித் தருவார்.

சர்வே எடுக்க வரும் மாணவர்களிடம் ஊர்க்காரர்கள் ஏன் சிடுசிடுக்கிறார்கள்?

பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் கொக்கோ கோலா ஆலை வந்தது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது என்று 2002-இல் ஆதிவாசி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், 2004-இல் ஆலை நின்றது. நஷ்டம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் கணக்கிட்டது. நஷ்டஈட்டுக்கான தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்து கேள்வி கேட்டுப்போன பத்திரிகைக்காரர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் கணக்கில்லை. நோட்டும் பேனாவுமாக ஒருவர் வந்து "கிணத்துத் தண்ணி எப்படிங்கம்மா இருக்கு?" என்று கேட்டால், அந்தப் பாட்டிக்கு அது கல்லூரி அசைன்மென்ட்டாகத் தெரியாது. பணம் வரப்போகிறது என்று தோன்றும், இல்லாவிட்டால் இவனும் போய்விடுவான் என்று தோன்றும். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குச் சங்கடம்தான்.

அதனால் முதல் கேள்விக்கு முன்பே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் எந்தக் கல்லூரி, இது எங்கள் படிப்புக்கு, இதனால் உங்களுக்குப் பணமோ வீடோ கிடைக்காது. மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம், நேராகவே சொல்லுங்கள். கேட்டுவிட்டு "அப்ப எதுக்கு வந்தீங்க?" என்று சிலர் உள்ளே போய்விடுவார்கள். அது அவர்கள் உரிமை, பின்னாலேயே போய்க் கெஞ்சாதீர்கள்.

அமைப்புகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. போன வருஷம் வேறு கல்லூரி எடுத்த சர்வே பீரோவில் இருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள். அதே நாற்பது வீட்டில் அதே கேள்வியை மறுபடி கேட்கும் வேலை மிச்சம். எடுத்த சர்வேயின் முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி அயல்கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்பதையும் தாளில் சேர்த்துவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்து இந்த ஒரு நிபந்தனையைக் கேட்டதுமே பாதிச் சர்வேக்கள் தானாக நின்றுவிடுகின்றன. நல்லதுதான்.

ஆதிவாசிக் குடியிருப்புகளில், குறிப்பாக அட்டப்பாடிப் பக்கம், அமைப்பின் சம்மதம் மட்டும் போதாது. அகளியிலுள்ள ஐடிடிபி (பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்ட) அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, ஊர்த் தலைவரான மூப்பனையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகணும்.

போட்டோ எடுக்கலாமா?

தொண்டர்களை எடுக்கலாம், பலகையை எடுக்கலாம். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கவும் வேண்டாம், ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். படுக்கையில் கிடக்கும் நோயாளியைச் சம்மதம் கேட்டும் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, அதைச் சம்மதமாக எண்ணக்கூடாது. அறிக்கைக்குப் படம் கட்டாயம் வேணும் என்று கல்லூரி சொன்னால் பிள்ளைகளின் முதுகுப்பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

பாலியேட்டிவ் வீட்டுச் சந்திப்புக்கு மாணவர்கள் போகலாமா?

பயிற்சி இல்லாமல் வேண்டாம். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி, சாந்த்வன (நோய்த்தணிப்பு) சிகிச்சை முயற்சியிலிருந்து வளர்ந்தது இந்த ஏற்பாடு. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. அந்த வழியில் வந்த குழுக்களில் தொண்டர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், நோயாளிகளைப் பார்க்கும் நான்கு நாள் பயிற்சியும் என்ற ஏற்பாடு உண்டு. அதை முடித்தவர்களும் நர்ஸோடுதான் போகணும். அங்கே மாணவரின் வேலை பேச்சுத்துணை, மருந்துச்சீட்டுப் படித்துச் சொல்வது, கூட இருக்கும் மகளுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. "சரியாயிடும் பாட்டி" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மருந்தளவு பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். முதல் சாவுக்குப் பிறகு மாணவரோடு உட்கார்ந்து பேச அமைப்பில் ஒருவர் இருப்பார் என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் யோசிப்பதில்லை.

மாணவர் சொல்லாமல் வராமல் இருந்தால் என்ன செய்வது?

முதல் தடவை போன் செய்யுங்கள். நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"என்ன தம்பி, பிள்ளைங்க ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க."

"சாரிங்க அக்கா, இன்டர்னல் இருந்துச்சுங்க. கூப்பிடணும்னு நெனச்சேன், கூச்சமாப் போச்சு."

"பரீட்சை இருந்தாச் சொல்லு, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். சொல்லாம விட்டாத்தான் சங்கடம். அடுத்த சனி வர்றியா இல்லையா, இப்பவே சொல்லிடு."

இதோடு முடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் வைத்துக் கேட்காதீர்கள், கல்லூரிக்கும் உடனே புகார் போக வேண்டாம். இரண்டாம் தடவையும் நடந்தால் திட்ட அலுவலரிடம் சொல்லி வேறு ஆள் கேளுங்கள். மூன்றாம் தடவை வரை பொறுப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம், அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைகள்.

அமைப்பிடம்தான் கோளாறு என்றால் மாணவர் யாரிடம் சொல்வது?

இது நியாயமான கேள்வி, குறைவாகவே கேட்கப்படுகிறது. அறை பூட்டியே கிடக்கும், கூட இருப்பேன் என்றவர் ஆளே இருக்க மாட்டார், சொன்ன வேலை ஒன்று வாங்கும் வேலை ஒன்று. முதலில் தாளில் கையெழுத்திட்ட அமைப்பாளரிடம், அப்புறம் கல்லூரி அலுவலரிடம். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்ஸோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆகணும். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்டுலைன் எண் 1098. அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இங்குள்ள வாசகசாலைக்கும் கிளப்புக்கும் கட்சிச் சாயம் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. கேரளத்தில் இது ரகசியமும் இல்லை, கேவலமும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள். வகுப்பெடுக்க வந்த மாணவரை ஊர்வலத்துக்குக் கூப்பிடக்கூடாது என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும். தேர்தல் சமயத்தில் ஒரு மாதம் வகுப்பை நிறுத்திவைப்பதே இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

பாதியில் நின்றுகொள்ளலாமா?

நிற்கலாம், இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாள் பிள்ளைகளிடம் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். போனிலேயே முடித்துக்கொள்ளாதீர்கள்.

முடிவில் மாணவருக்கு என்ன கொடுக்கணும், மாணவர் என்ன விட்டுப்போகணும்?

அமைப்பு தருவது ஒரு கடிதம். "சிறப்பாகச் சேவையாற்றினார்" என்று பொதுவாக எழுதாமல், எத்தனை மணி நேரம், எந்த வகுப்பு, என்ன பாடம் என்று எழுதுங்கள். வேலை தேடும்போது அந்த விவரம்தான் பேசும். வராத மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த ஆண்டு பத்துப் பேர் அதற்காகவே வருவார்கள்.

மாணவர் விட்டுப்போக வேண்டியது ஒரு நோட்டு. எந்தப் பாடம் வரை முடிந்தது, யாருக்கு எங்கே தடுமாற்றம், யார் கண்ணாடி இல்லாமல் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று நாலு பக்கம் போதும். நோட்டு அமைப்பிடமே இருக்கட்டும். நினைவுக்கு வேண்டுமென்றால் தான் எழுதிய பக்கங்களை மாணவர் போனில் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளின் பெயரும் கிரேடும் உள்ள பக்கத்தைத் தவிர.